ஆறாத புண்ணும் பிராணவாயுச் சிகிச்சையும்

பால்மரம் வெட்டும் அன்பர்களுக்குக் காயம் ஆறும் விதத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் பட்டையைச் சீவும் ஒவ்வொரு முறையும் மரத்திற்கு ஒரு காயத்தை உண்டாக்குகிறோம். பட்டைக்கும் மரத்திற்கும் இடையே உள்ள மெல்லிய உயிர்ப்படலம் கெடாதவரை, வெட்டிய இடத்தில் புதுப்பட்டை வளர்கிறது. சில ஆண்டுகள் கழிந்தபின் அதே இடத்தில் மீண்டும் பால் எடுக்கிறோம். கத்தி ஆழமாக இறங்கி உயிர்ப்படலம் அறுபட்டுவிட்டாலோ, பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து அவ்விடம் வெட்டுக்கு உதவாமற் போகிறது.

மனித உடலின் நிலையும் இதைப் போன்றதே. நம் தோலும் சதையும் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றல் உடையவை. அவ்வாற்றலுக்கு வேண்டிய பொருள்கள் புண் உள்ள இடத்தை வந்தடையாதபோது, சிறிய கீறல்கூட மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகிவிடுகிறது. அப்பொருள்களுள் தலையாயது பிராணவாயு, அதாவது ஆக்சிஜன்.

அண்மைக் காலத்தில், "பிராணவாயு கொடுத்தால் எந்தப் புண்ணும் ஆறிவிடும், காலை எடுக்க வேண்டியதில்லை" என்று சிலர் கூறக் கேட்டிருப்பீர்கள். இக்கூற்றில் உண்மை எவ்வளவு? இச்சிகிச்சை யாருக்கு உதவும்? யாருக்கு உதவாது? பல நூறு மரங்களைச் சுற்றி வந்து நாட்சம்பளம் ஈட்டும் ஒருவருக்குக் கால் என்பது உறுப்பு மட்டுமன்று. குடும்பத்தின் சோறும் அதுவே. ஆதலின் இதைத் தெளிவாக அறிந்துகொள்வது நமக்கு இன்றியமையாதது.

புண்ணுக்குப் பிராணவாயு எதற்கு?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 21 விழுக்காடு பிராணவாயு உள்ளது. அது நுரையீரலில் இரத்தத்தோடு கலக்கிறது. இரத்தத்தின் சிவப்பணுக்கள் அதைச் சுமந்து உடலெங்கும் கொண்டு சேர்க்கின்றன. தோளில் காண்டாவைத் தூக்கிப் பாலைக் கொட்டகைக்குக் கொண்டு செல்லும் தொழிலாளரை நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்பணுக்கள் செய்யும் வேலை அத்தகையது.

காயம் பட்டவுடன் முதலில் இரத்தம் உறைகிறது. பின்னர் வெள்ளணுக்கள் வந்து, அவ்விடத்தில் புகுந்த கிருமிகளோடு போர் புரிகின்றன. கிருமிகளைக் கொல்லும் நச்சுப் பொருள்களைப் பிராணவாயுவைக் கொண்டே அவை தயாரிக்கின்றன. அடுத்து, புதிய சதை வளர வேண்டும். அச்சதைக்கு உறுதி தரும் நார்ப்பொருளை உடல் உண்டாக்குவதற்கும் பிராணவாயு தேவை. புதிய சதையை வளர்க்கப் புதிய நுண்ணிய இரத்தக் குழாய்கள் தோன்றுகின்றன. இறுதியாக மேல்தோல் ஓரங்களிலிருந்து படர்ந்து புண்ணை மூடுகிறது. பிராணவாயு போதாவிடில் போரும் தளர்கிறது, கட்டுமானமும் நின்றுவிடுகிறது.

வழியில் ஏற்படும் தடைகள்

அவ்வாறாயின், எல்லாரும் ஒரே காற்றைத்தானே சுவாசிக்கின்றனர்? ஒருவருடைய புண் பத்து நாளில் ஆறவும் மற்றொருவருடைய புண் பத்து மாதமாகியும் ஆறாதிருக்கவும் காரணம் யாது? காற்றில் குறைவில்லை. அது புண்ணை அடையும் வழியிலேதான் குறை உள்ளது.

முதற்காரணம் நீரிழிவு நோய். நம்மவர் இதனை இனிப்புநீர் என்றும், மலாய் மொழியில் கென்சிங் மானிஸ் என்றும் வழங்குவர். 2023-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடைபெற்ற தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி, வயது வந்தோருள் 15.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. அதாவது, ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். அவர்களுள் ஐந்தில் இருவர் தமக்கு நோய் இருப்பதை அறியாமலே இருந்தனர் என்பது மேலும் கவலைக்குரியது.

இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் கால் நரம்புகள் கெடுகின்றன, பாதம் மரத்துப்போகிறது. பூட்ஸுக்குள் புகுந்த சிறு கல்லோ, அடியில் ஏறிய முள்ளோ உறுத்துவதில்லை. வலி இல்லாமையால் அவர் புண்ணின்மீதே நாள் முழுவதும் நடக்கிறார். அதனோடு, கால்களுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களும் குறுகுகின்றன. மிகுந்த சர்க்கரையால் வெள்ளணுக்களின் வீரியமும் குன்றுகிறது. வலியும் தெரியாமல், இரத்தமும் வராமல், எதிர்ப்பும் இல்லாமல் போனால், கிருமிகள் எலும்புவரை செல்வதற்குத் தடையேது?

இரண்டாவது, புகைபிடித்தல். சிகரெட்டுப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு, சிவப்பணுக்களில் பிராணவாயு அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிகோட்டின் என்னும் நஞ்சு இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புண்ணோடு புகைபிடிப்பவர், நோட்டு கொடுத்துத் தம் காலுக்கு வரும் பிராணவாயுவைத் தடுத்துக்கொள்பவராவார்.

இவையன்றி, இரத்தச்சோகை, கால் நரம்பு முடிச்சினால் இரத்தம் மேலேறாது தேங்குதல், புண்ணில் தங்கிய செத்த சதை ஆகியவையும் ஆறுதலைத் தடுக்கின்றன. இவற்றுள் எக்காரணத்தால் புண் ஆறவில்லை என்பதைக் கண்டறிவதே சிகிச்சையின் முதற்படி.

அழுத்த அறையில் நடப்பது என்ன?

பிராணவாயுச் சிகிச்சை என்பது புண்ணின்மேல் காற்றை ஊதுவது அன்று. நோயாளி உறுதியான ஓர் அறையினுள் படுத்தோ அமர்ந்தோ இருப்பார். அறையின் காற்றழுத்தம் வழக்கமான அளவினும் இரண்டு முதல் இரண்டரை மடங்குவரை உயர்த்தப்படும். அந்நிலையில் அவர் தூய பிராணவாயுவைச் சுவாசிப்பார். கடலில் பத்து மீட்டர் ஆழத்திற்கு இறங்கினால் உடல்மீதுள்ள அழுத்தம் இரு மடங்காகும் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அளவு விளங்கும். மருத்துவர் இதனை ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் சிகிச்சை என்பர்.

அழுத்தத்தால் என்ன பயன்? சோடா புட்டியைப் பாருங்கள். மூடி இறுகியிருக்கும்வரை வாயு நீரில் கரைந்தே கிடக்கிறது. மூடியைத் திறந்து அழுத்தம் குறைந்தவுடன் நுரைத்துப் பொங்கி வெளியேறுகிறது. அழுத்தம் கூடினால் நீரில் கரையும் வாயுவும் கூடும் என்பது இயற்கையின் விதி. சாதாரணமாக 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சிவப்பணுக்கள் சுமக்கும் பிராணவாயு ஏறக்குறைய 20 மில்லிலிட்டர். இரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்திருப்பதோ 0.3 மில்லிலிட்டர் மட்டுமே. மும்மடங்கு அழுத்தத்தில் தூய பிராணவாயுவைச் சுவாசித்தால், கரைந்திருக்கும் அளவு மட்டும் 6 மில்லிலிட்டர் வரை உயர்கிறது. சிவப்பணு நுழைய இயலாத குறுகிய குழாயிலும் இரத்தநீர் கசிந்து செல்லும். அதனோடு பிராணவாயுவும் செல்லும்.

நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் அறுவை மருத்துவர் பூரெமா என்பார் இதன் ஆற்றலைச் சோதித்துக் காட்டினார். பன்றிக்குட்டிகளின் இரத்தத்தில் சிவப்பணுக்களை ஏறக்குறைய முற்றிலும் நீக்கிவிட்டு, மும்மடங்கு அழுத்தத்தில் பிராணவாயு கொடுத்து அவற்றை உயிரோடு வைத்திருந்தார். அவருடைய ஆய்வு 1960-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன்பின் இச்சிகிச்சை பல நாடுகளிலும் பரவியது.

ஆறாத புண்ணுக்கு இச்சிகிச்சை ஒரு நாளில் முடிவதன்று. ஒரு முறைக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். வாரத்திற்கு ஐந்து நாள். மொத்தம் 30 அல்லது 40 முறை அறைக்குள் செல்ல வேண்டியிருக்கும். அழுத்தம் ஏறும்போது, பேருந்தில் கெந்திங் மலைக்கோ கேமரன் மலைக்கோ செல்கையில் காது அடைப்பதுபோல் அடைக்கும். எச்சில் விழுங்கியும், மூக்கைப் பிடித்து மெல்ல ஊதியும் காதைத் திறந்துகொள்ளக் கற்றுக்கொடுப்பர். சிலருக்குச் சில வாரங்கள் கண்பார்வை சற்று மாறுபட்டுப் பின் சீராகும். மிக அரிதாக வலிப்பு வருவதும் உண்டு. நீரிழிவு உள்ளவருக்கு அறைக்குள் இருக்கும்போது சர்க்கரை இறங்கக்கூடும். எனவே, உள்ளே செல்லுமுன் இரத்தத்தைச் சோதிப்பர்.

யாருக்கு உதவும்?

நீரிழிவினால் பாதத்தில் ஏற்பட்டு எலும்புவரை ஆழ்ந்து, முறையான மருத்துவத்திற்கும் ஆறாத புண், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுப் பெற்றதனால் கெட்ட திசுக்கள், ஒட்டிய தோல் பிடிக்காமல் வாடும் நிலை, வாயு உண்டாக்கும் கிருமியால் சதை அழுகும் கொடிய நோய் ஆகியவற்றிற்கு மருத்துவர் இதனைத் துணைச் சிகிச்சையாகப் பயன்படுத்துகின்றனர். துணை என்னும் சொல்லை மறக்கலாகாது. செத்த சதையை நீக்குதல், கிருமிகளுக்கு மருந்து, சர்க்கரைக் கட்டுப்பாடு, புண்ணின்மீது பாரம் விழாமல் காத்தல் ஆகிய நான்கும் நடைபெற்றால்தான் பிராணவாயு தன் வேலையைச் செய்யும்.

சாதாரண வெட்டுக் காயத்திற்கு இது தேவையே இல்லை. நரம்பு முடிச்சினால் வந்த கணுக்கால் புண்ணுக்கு முதல் மருத்துவம் இறுக்கமான கட்டு. பெரிய இரத்தக் குழாய் அடைபட்டிருந்தால் அடைப்பை நீக்குவதே முதல் வேலை. வாய்க்கால் அடைத்துக் கிடக்கையில் மேலும் மேலும் நீர் இறைப்பதால் வயல் நனையாது.

ஆராய்ச்சிகள் கூறுவன யாவை? 2010-ஆம் ஆண்டில் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வில், மூன்று மாதங்களுக்கு மேல் ஆறாத பாதப் புண் கொண்ட 94 நீரிழிவு நோயாளிகள் பங்குகொண்டனர். ஒரு சாராருக்கு அழுத்த அறையில் பிராணவாயுவும், மற்றவருக்கு அதே அறையில் வெறும் காற்றும் கொடுத்தனர். யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஓராண்டு முடிவில் பிராணவாயு பெற்றவருள் 52 விழுக்காட்டினருக்கும், வெறும் காற்றுப் பெற்றவருள் 29 விழுக்காட்டினருக்கும் புண் ஆறியிருந்தது. ஆனால், 2018-ஆம் ஆண்டில் வெளியான நெதர்லாந்து ஆய்வு வேறுவிதமாக முடிந்தது. இரத்த ஓட்டம் குன்றிய 120 நோயாளிகளிடையே நடந்த அவ்வாய்வில், காலைக் காப்பதில் இச்சிகிச்சையால் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. பலர் உடல்நலக் குறைவால் சிகிச்சையை முழுமையாக முடிக்கவும் இயலவில்லை.

இரண்டையும் சேர்த்து நோக்கினால் ஒன்று புலனாகும். இச்சிகிச்சை சிலருக்குப் பயன் தருகிறது, எல்லாருக்கும் அன்று. நீரிழிவுப் பாதத்தைப் பற்றி ஆராயும் பன்னாட்டு வல்லுநர் குழுவும் 2023-ஆம் ஆண்டில், வழக்கமான மருத்துவம் பலனளிக்காதபோதே, அதுவும் வசதி உள்ள இடங்களில், இதனை எண்ணிப் பார்க்கலாம் என்று அறிவுறுத்தியது.

எங்கே பெறுவது? எதில் ஏமாறக்கூடாது?

ஆழ்கடலில் மூழ்கி விரைந்து மேலேறுவோர்க்கு வரும் நோய்க்கும் இவ்வறையே மருந்து. ஆதலின் கடற்படை உள்ள இடங்களில் இவ்வசதியைக் காணலாம். நம் நாட்டில் பேராக் மாநிலத்தின் லுமுட் நகரிலுள்ள ஆயுதப்படை மருத்துவமனையில் அழுத்த அறை உள்ளது. நேரே அங்குச் சென்று நிற்பது முறையன்று. முதலில் அருகிலுள்ள சுகாதார கிளினிக்கில் புண்ணைக் காட்ட வேண்டும். அங்கிருந்து அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்புவர். தேவை என்று கருதினால் நிபுணர் மேற்கொண்டு கடிதம் கொடுப்பார். நுரையீரல் நோய், காது நோய், வலிப்பு ஆகியவை உண்டா என்பதையும், உண்ணும் மருந்துகளையும் மறையாது கூறுங்கள்.

அழகு நிலையங்களிலும் வேறு சில இடங்களிலும் காற்றடைத்த பைபோன்ற கூடாரத்தில் படுக்கவைத்து, "பிராணவாயுச் சிகிச்சை" என்று பணம் பெறுவோரும் உள்ளனர். இவ்வகைக் கூடாரங்களின் அழுத்தம் பெரும்பாலும் வழக்கமான அழுத்தத்தைவிட மூன்றில் ஒரு பங்கே கூடுதலானது. மேலே சொன்ன ஆய்வுகள் இவற்றில் நடத்தப்பட்டவை அல்ல. கட்டணத்தைவிடப் பெரிய இழப்பு, அங்குக் கழியும் நாள்கள். அந்நாள்களில் புண் ஆழ்ந்துகொண்டே போகும்.

ஆபத்தும் உண்டு. பிராணவாயு மிகுந்த இடத்தில் ஒரு சிறு தீப்பொறியும் பெருந்தீயாகும். 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இத்தகைய அறையில் தீப்பற்றியதால் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். முறையான மருத்துவமனைகளில் பருத்தி உடையே உடுத்தச் செய்வர். கைத்தொலைபேசி, தீப்பெட்டி, கைக்கடிகாரம் எதையும் உள்ளே விடார். தலையில் எண்ணெய் தடவிக்கொண்டும் செல்லலாகாது. இவ்விதிகளைக் கேட்டுச் சலிப்படைய வேண்டாம். அவை உயிரைக் காப்பவை.

நம் கையில் உள்ளவை

விலையுயர்ந்த அறைக்குப் போகும் நிலை வராமல் தடுப்பது நம்மால் இயலும். அதற்கு வேண்டிய பழக்கங்கள் எளியவை.

1. வேலை முடிந்து வந்ததும் பாதங்களைச் சோப்பால் கழுவி, விரல் இடுக்குகளையும் ஈரம் போகத் துடையுங்கள். கொதிநீரில் கால் வைக்காதீர்கள். மரத்த கால் சூட்டை அறியாது.

2. நாள்தோறும் இரவில் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய இயலாதவர் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ பார்த்துச் சொல்லச் சொல்லலாம்.

3. பூட்ஸை அணியுமுன் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுங்கள். உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். உலர்ந்த காலுறை அணியுங்கள். வீட்டினுள்ளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

4. நகத்தை நேராக வெட்டுங்கள். கால் ஆணியைப் பிளேடால் செதுக்காதீர்கள்.

5. கத்தி பட்டாலோ, அமிலம் தெறித்தாலோ, மோட்டார் சைக்கிள் புகைக்குழாய் சுட்டாலோ, உடனே ஓடும் தூய நீரால் நன்கு கழுவுங்கள். காயத்தைச் சுத்தமான துணியால் மூடி மருந்தகத்திற்குச் செல்லுங்கள். காப்பித்தூள், புகையிலை, சுண்ணாம்பு ஆகியவற்றை அப்புவது கிருமியை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும்.

6. வேலையின்போது ஏற்பட்ட காயத்தை அன்றே நிர்வாகத்திடம் தெரிவியுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்திற்குள் முதலாளி அதனைப் பெர்கேசோவுக்கு அறிவிக்க வேண்டும். "சிறு காயந்தானே" என்று மறைத்துவிட்டால், பின்னர் அது பெரிதாகும்போது உரிமையை நிலைநாட்டுவது கடினம்.

7. நீரிழிவு உள்ளோர் மருந்தை நிறுத்தலாகாது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் கிளினிக்கில் பாதத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி உள்ளதா என்று பார்க்கும் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும்.

8. தைப்பூசம் முதலிய விழாக்களில் வெறுங்காலோடு நடக்க நேர்ந்துகொண்டவருக்குப் பாதம் மரத்திருந்தால், முன்னதாக மருத்துவரைக் கலந்து பேசுங்கள். வெயிலில் காய்ந்த தாரின் சூடு, வலியே தெரியாமல் தோலை உரித்துவிடும்.

புண் வந்துவிட்டாலோ நாள்களை எண்ணுங்கள். நீரிழிவு உள்ளவர் பாதத்தில் தோல் கிழிந்தால், சிறிதாயினும் அன்றோ மறுநாளோ காட்ட வேண்டும். முறையாக மருந்து கட்டியும் நான்கு வாரங்களில் புண்ணின் பரப்பு பாதியளவாகக் குறையாவிடில், மேல்நிலை மருத்துவத்திற்கு அனுப்பும்படி தயங்காமல் கேளுங்கள். விரல் கறுத்தல், துர்நாற்றம், புண்ணைச் சுற்றிச் சிவப்பு படர்தல், காய்ச்சல், குளிர் நடுக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அந்த நாளிலேயே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒரு நாள் சம்பளம் போகுமே என்று எண்ணி வேலைக்குச் செல்பவர், பின்னாளில் எல்லா நாள்களின் சம்பளத்தையும் இழக்க நேரிடும்.

காலை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் கூறினால், அச்சத்தால் மருத்துவமனையை விட்டு ஓடிவிடாதீர்கள். "இரத்தக் குழாயைச் சோதித்துவிட்டீர்களா? அடைப்பை நீக்க வழி உண்டா? அழுத்த அறைச் சிகிச்சை எனக்குப் பொருந்துமா?" என்று பணிவோடு கேளுங்கள். கேட்பது நோயாளியின் உரிமை. விடை "பொருந்தாது" என்று வந்தால் அதன் காரணத்தையும் கேட்டறிந்து முடிவு செய்யுங்கள். அழுகிய ஒரு விரலை விட்டுக்கொடுத்துக் காலையும் உயிரையும் காத்துக்கொள்ள வேண்டிய வேளைகளும் உண்டு.

அழுத்த அறை மருத்துவத்தின் கடைசிப் படிகளுள் ஒன்று. முதற்படி, இன்றிரவு உறங்கப் போகுமுன் விளக்கொளியில் உங்கள் இரு பாதங்களையும் திருப்பிப் பார்ப்பதே.